எங்க வீட்டுக்காரருக்கு மருந்து எடுத்த கதை

வேணாம்மா. பிஸ்கட்டெல்லாம் வேணாம். தப்பா நினைச்சுக்காதே, உன்னைப் பார்த்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ஆனா பஸ்ல யாரு எது குடுத்தாலும் நான் வாயில வெக்கிறதில்ல. தண்ணி கூட வீட்டுலேருந்து கொண்டாந்துட்டேன். எதுல எதைக் கலக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீ கலப்பேன்னு சொல்லலை. பொதுவா சொல்றேன்.

எங்க போறேனா? ஏன் கேக்குறே? சும்மாவா? சரி, சும்மான்னா சொல்றேன். சின்னமலையூர் போறேன். அங்க முனிரத்தினம்னு ஒருத்தரு மருந்து எடுக்கறாரு. வயித்து மருந்தும்மா. சோத்துலயோ பலகாரத்துலயோ யாராவது வசிய மருந்து கலந்து குடுத்துட்டாங்கன்னா, பச்சிலைச் சாறு குடுத்து வாந்தி எடுக்கவெச்சு வெளிய கொண்டாந்துடுவாரு. ஆந்திராவுலேருந்தெல்லாம் கார் வெச்சுக்கினு வராங்க. சிரிக்கிறே பார்த்தியா. சிரி, சிரி. படிச்ச பொண்ணு, சிரிக்கத்தான் செய்வே. நானும் முன்ன சிரிச்சவதான்.

எனக்கில்ல. எனக்கு யாரு வெக்கப் போறாங்க? எங்க வீட்டுக்காரருக்கு. போன மாசம் இட்டுக்கினு போய் எடுத்தாச்சு. இன்னைக்கு நான் மட்டும் தனியா போறேன். அவருக்குத் தெரியாது. ஆம்பூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எதுக்கு மறுபடியும்னுதானே பார்க்குறே? சொல்றேன், முதல்லேருந்து கேட்டாத்தான் புரியும்.

அவரு பேரை நான் சொல்லமாட்டேன். திருத்தணி மலைமேல இருக்காரே, அவரு பேருதான், நீயே புரிஞ்சுக்கோ. குடியாத்தம் தாலுகா ஆபீஸ்ல ஜீப் ஓட்டினாரு. இப்ப ரிட்டையர்டு. தங்கமான மனுஷன், பேச்சு மட்டும் கிடையாது. தாசில்தாருங்களைப் பின்னாடி உக்காரவெச்சு ஓட்டி ஓட்டி, பேசறது அவங்க வேலை, ரோட்டைப் பார்க்கறது நம்ம வேலைன்னு ஆயிடுச்சு. வீட்டுலயும் அப்படியே. பசிச்சா 'இந்தா'. தண்ணி வேணும்னா 'இந்தா'. கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு 'இந்தா'தான் பேரு. குறையா சொல்லலைம்மா. குடிச்சாரா? இல்ல. கை நீட்டினாரா? இல்ல. வேற என்னா வேணும் ஒரு பொம்பளைக்கு?

நீ 'நீலாம்பூர் ஜமீன்' பார்ப்பியா? ஏழரைக்கு வருமே. அய்யோ, பார்க்கறதில்லியா? பார்க்கணும்மா! வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஜமீன் வீட்டுப் பையன் துரைக்கண்ணு, கணக்குப்பிள்ளை மகள் செங்கமலத்தைக் கட்டிக்கினு வந்துடறான். மாமியார்க்காரி அவளைப் படுத்துற பாடு இருக்கே, கேக்கவே வேணாம். ஆனா இந்தப் பையன் அவளைத் தாங்குறான் பாரு, அந்தத் தாங்கு! அந்த வீட்டுல எல்லாரும் கூடத்துல உக்காந்து சாப்பிட்டாங்கன்னா இவன் கண்ணு மட்டும் அடுக்களையிலயே இருக்கும். நான் ஒரு நாள் விடமாட்டேன். பார்த்துப் பார்த்து அழுவேன். முந்தானையே நனைஞ்சிடும்.

எங்க வீட்டுக்காரரு அதெல்லாம் பார்க்கமாட்டாரு. பின்னாடி சேர்ல பேப்பரை விரிச்சுக்கினு உக்காந்திருப்பாரு, அவ்ளோதான். காலையில படிச்ச அதே பேப்பரு. ஒரு நாள், 'இந்தா, எதுக்கு அழறே'ன்னு கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'உங்களுக்கு எங்க புரியப்போவுது? பொண்டாட்டியை எப்படி வெச்சுக்கணும்னு அந்தப் பையனைப் பார்த்து ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க கத்துக்கணும்'னு சொன்னேன். சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னது. அவரு பேப்பரைத் திருப்பிக்கினாரு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். செங்கமலத்துக்குக் காய்ச்சல். துரைக்கண்ணு ஜமீன் அடுக்களையில அவனே அடுப்பு மூட்டி, கண்ணெல்லாம் புகையில செவந்து, கஷாயம் போட்டு எடுத்துக்கினு வரான். அவ அதை வாங்கிக் குடிக்காம அவன் மூஞ்சியவே பார்க்கறா. என்னா காட்சி தெரியுமா! சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது வேற. மறுநாள் காலையில எழுந்து பார்க்கறேன், எங்க வீட்டுக்காரரு காபி போட்டுக்கினு நிக்கறாரு! வீட்டுல இருந்த பாலு பூரா கொதிச்சு வழிஞ்சு, டிகாக்‌ஷன் கறுகறுன்னு. டம்ளரை என் பக்கத்துல வெச்சிட்டு, 'குடி'ன்னாரு.

எனக்குக் குப்புனு வேர்த்துடுச்சு. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத மனுஷன் காபி போடறாருன்னா என்னா அர்த்தம்? மோந்து பார்த்தேன். அவரு அந்தாண்ட திரும்பின நேரம் வாசல் பக்கம் போய் ஊத்திட்டு வந்துட்டேன். 'குடிச்சியா?'ன்னாரு. 'குடிச்சேன்'னேன். 'சக்கரை கம்மியா போட்டேன், சரியா இருந்துச்சா?'ன்னாரு. 'இருந்துச்சு'ன்னேன். மறுநாளும் போட்டாரு. மறுநாளும் ஊத்தினேன்.

அப்புறம் ஒரு நாள் துணி மடிச்சுக்கினு இருக்கேன். 'பாக்கியம்'னு ஒரு சத்தம். நான் வாசலைப் பார்த்தேன். யாருமில்ல. அடுப்படியில எட்டிப் பார்த்தேன். அங்கயும் இல்ல. இவருதான்! என் முழுப் பேரு தனபாக்கியம். எங்க அப்பா இருந்த வரைக்கும் பாக்கியம்னு கூப்பிடுவாரு. அவரு போனதுக்கு அப்புறம் அந்தப் பேரை யாரும் எடுத்ததில்ல. இவருக்கு எப்படி நினைப்பு வந்துச்சு? எவளோ ஒருத்தி பேரைச் சொல்ல வந்து, வாய் குளறி என் பேரு வந்துடுச்சோன்னு நினைச்சேன். நினைக்கமாட்டியா பின்ன?

மாடிக் கதையைக் கேளு. அந்த வாரம் சீரியல்ல பௌர்ணமி. துரைக்கண்ணு பொண்டாட்டியைத் தோட்டத்துக்கு இட்டுக்கினு போய் ஊஞ்சல்ல உக்காரவெச்சு ஆட்டி விடறான். அதைப் பார்த்துட்டு நான் தட்டுல சோத்தை அப்படியே வெச்சுட்டேன். அதை விடு. அடுத்த நாள் சாயங்காலம் இவரு, 'பாக்கியம், மாடிக்கு வா, காத்து வரும்'னாரு. எங்க வீட்டு மாடியில கைப்பிடிச் சுவரு முழங்கால் உசரம்தான். மேல கட்ட அப்ப வசதியில்ல, விட்டுட்டோம். எனக்கு எப்படி இருக்கும்? போனேன், போகாம இருக்கமுடியுமா? ஆனா தண்ணித் தொட்டியோட குழாயைக் கெட்டியா பிடிச்சுக்கினு நின்னேன். அவரு கிட்ட வந்தாரு. நான் குழாயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினேன். 'ஏன் அப்படி நிக்கறே?'ன்னாரு. 'ஒண்ணுமில்ல, கால் வலி'ன்னேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துட்டு, 'சரி, இறங்கலாம்'னாரு. சாமி, தப்பிச்சேன்னு இறங்கி வந்தேன்.

என் பொண்ணு பூங்கொடிகிட்ட போன்ல சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. 'அம்மா, அப்பா உன்மேல ஆசையா இருக்காரும்மா'ங்கறா. நாப்பது வருஷமா இல்லாத ஆசை இப்ப எங்கேருந்து முளைச்சுது? அதுதானே கேள்வி. அவளுக்கு அது தோணலை. சின்னப் பொண்ணு.

எனக்கு உயிரே போன நாள் எதுன்னா, கால் நகம் வெட்டினதுதான். எனக்கு முட்டி வலி. குனியமுடியாது. கால் நகமெல்லாம் வளைஞ்சு வளர்ந்து, புடவைக் கரையில மாட்டும். அதை ஒருத்தரு கவனிச்சிருப்பாருன்னு நான் நினைக்கவேயில்ல. அன்னைக்குச் சீரியல்ல செங்கமலம் கால்ல முள்ளு. ஜமீன் பையன், அவன் எவ்ளோ பெரிய இடம், தரையில மண்டி போட்டு அவ காலைத் தன் தொடைமேல வெச்சு முள்ளு எடுக்கறான். மாமியார்க்காரி தூண் மறைவுல நின்னு பல்லைக் கடிக்கறா. சரி, அதை விடும்மா. மறுநாள் நான் சேர்ல உக்காந்து பூண்டு உரிச்சுக்கினு இருக்கேன். இவரு நகவெட்டியை எடுத்துக்கினு வந்து தரையில உக்காந்து என் காலைத் தூக்கி மடியில வெச்சுக்கறாரு.

நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு நாயே குலைச்சுது! கட்டின புருஷன் பொண்டாட்டி காலைத் தொடறதா? அந்தப் பாவம் யாரு தலையில விழும்? காலை இழுத்தேன். விடலை. 'ஆடாதே, சதை பட்டுடும்'னாரு. ஒண்ணு ஒண்ணா வெட்டினாரு. வெட்டிட்டு விரலைத் தடவிப் பார்த்தாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. பயத்துலதான். அப்பத்தான் முடிவு பண்ணேன், இது இவரு இல்ல. சுய புத்தியில இருக்கிற ஆம்பளை செய்யற காரியமில்ல இது. இவருக்கு யாரோ மருந்து வெச்சுட்டாங்க.

யாரு? அதையும் கண்டுபிடிச்சேன். பின் தெருவுல வனஜான்னு ஒருத்தி. முன்ன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினா. புருஷன் இல்ல. கிருஷ்ண ஜெயந்திக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் குடுத்தனுப்பிச்சா. எனக்குச் சக்கரை வியாதி, நான் தொடலை. இவரு ஒருத்தரே குடிச்சாரு! கிருஷ்ண ஜெயந்தி எப்ப? ஆவணி. இவரு மாறினது எப்ப? ஆவணி. பார்த்துக்கோ.

ஒரு சாயங்காலம் கரண்டு போச்சு. சீரியல் பார்க்கமுடியலையேன்னு நான் விசிறிக்கினு உக்காந்திருக்கேன். இவரு, 'கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்'னு கிளம்பினாரு. பின்னாடியே போனேன். நேரா வனஜா வீடு! ஜன்னல்ல பார்த்தா இவரு, அவ, அவளோட வயசான அம்மா, மூணு பேரும் ஒரே செல்போனுக்குள்ள தலையை விட்டுக்கினு இருக்காங்க. என்னா பார்க்கறாங்கன்னு எட்டிப் பார்த்தேன். நம்ம சீரியலு! இவரு, சீரியலே பார்க்காதவரு, அந்த வீட்டுல போய் சீரியல் பார்க்கறாராம். கேட்டா அதைத்தான் சொல்லுவாங்க, சீரியல்தான் பார்த்தோம்னு. எவ்ளோ சாமர்த்தியம் பாரு. கூட ஒரு கிழவியையும் உக்காரவெச்சுக்கினு!

அடுத்த நாளே கேட்டேன். 'ஏங்க, சின்னமலையூர் போகணும்.'

'எதுக்கு?'

'உங்களுக்கு மருந்து எடுக்க. யாரோ வெச்சிருக்காங்க.'

'எனக்கா? யாரு சொன்னது?'

'யாரும் சொல்லவேணாம். நீங்க மாறிட்டீங்க.'

மறுத்துப் பேசுவாரு, கத்துவாருன்னு நினைச்சேன். அவரு சட்டையை மாட்டிக்கினு, 'சரி, வா'ன்னாரு. இதே பஸ்ஸுதான். எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுட்டு அவரு இந்தாண்ட உக்காந்தாரு. அதுவும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

வெறும் வயித்துல அந்தப் பச்சிலைச் சாறு. பச்சைப் பசேல்னு, பார்த்தாலே குமட்டும். மடக் மடக்னு குடிச்சாரு. அப்பால எடுத்தாரு பாரு வாந்தி, குடலே வெளிய வந்துடும் போல. நான்தான் நெத்தியைத் தாங்கிக்கினேன். முனிரத்தினம் குச்சியால கிளறி, 'இதோ பாருங்க'ன்னு ஒரு கறுப்பைக் காட்டினாரு. முடி மாதிரி சுருண்டு கிடந்துச்சு. முந்தின நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டிருந்தாரு, ஆனா அது வேற, இது வேற. 'பொம்பளை கையாலதான் உள்ள போயிருக்கு. யாரு கையால சாப்பிடுவீங்க?'ன்னு அந்த ஆளு கேட்டாரு. இவரு வாயைத் துடைச்சுக்கினு, 'இவ கையாலதான். வேற யாரு இருக்காங்க எனக்கு?'ன்னாரு. பாரேன், அந்த நிலைமையிலயும் வனஜாவைக் காட்டிக் குடுக்கலை.

திரும்பி வர்றப்ப பஸ்ல, 'இனிமே சரியாயிடுமா?'ன்னு கேட்டாரு. 'ஆயிடும்'னேன். 'சரி'ன்னாரு.

மெய்யாலுமே சரியாயிடுச்சும்மா! மறுநாள் காலையில காபி இல்ல. 'இந்தா, துண்டு எங்க'ன்னாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சேன். தெருவுல நாலு பேருகிட்ட சொன்னேன், முனிரத்தினம் கை கைதான்னு. வனஜா கோயில்ல எதிர்ல வந்தா, மூஞ்சியைத் திருப்பிக்கினேன். உன் வேலை நடக்கலை பார்த்தியான்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன்.

அப்புறம்... அப்புறம் என்னா. ஒண்ணுமில்ல. ஏழரை ஆனா அவரு எழுந்து வாசல் திண்ணைக்குப் போயிடறாரு. பின்னாடி சேரு காலியா கிடக்குது. துரைக்கண்ணு ரங்கூனுக்குக் கப்பல் ஏறுறான், செங்கமலம் கரையில நிக்கறா. அந்த மாதிரி ஒரு காட்சி. எனக்கு அழுகையே வரலை. அடிக்கடி திரும்பிச் சேரைப் பார்க்கறேன். எனக்கே புரியலை, இல்லாத பேப்பர் சத்தத்தை எதுக்குத் தேடறேன்னு.

காலையில நானே காபி போட்டுக் குடிக்கறேன், நல்லா பதமாத்தான் போடறேன், ஆனா குடிக்கப் பிடிக்கலை. அவரு போட்டதை ஒரு வாய் கூட நான் குடிச்சுப் பார்க்கலையேம்மா. வாசல்லதானே ஊத்தினேன். எப்படி இருந்திருக்கும் அது? மோசமாத்தான் இருந்திருக்கும். பாலு தீஞ்ச வாசனை வரும். இருந்தாலும்.

போன வாரம் நானா வாய் திறந்தேன். 'ஏங்க, மாடிக்குப் போலாமா? காத்து வரும்.' அவரு தலை நிமிரலை. 'வேணாம், உனக்குப் பயமா இருக்கும்'னாரு. எனக்குப் பயமாம்! நான் எப்பச் சொன்னேன் பயம்னு? அப்பத்தான் தெரிஞ்சுது, எதை எடுக்கவெச்சிருக்கேன்னு.

அதனாலதான் போறேன். முனிரத்தினத்துகிட்ட, எடுத்த மருந்தைத் திரும்ப வெச்சுடுங்கன்னு சொல்லப் போறேன். சிரிக்காதே! வெக்கிறதும் தெரிஞ்சுதான் இருக்கும் அவருக்கு. இந்தத் தடவை வனஜா கையால இல்ல, என் கையால போகட்டும். ரசத்துல கலந்து குடுத்துடுவேன்.

அவரையே நேரா கேக்கலாமேன்னா? நல்லா சொன்னே போ. என்னான்னு கேக்கறது? 'என் காலை எடுத்து மடியில வெச்சுக்குங்க'ன்னா? இந்த வயசுல எந்தப் பொம்பளை அதை வாய் விட்டுக் கேப்பா? கேட்டு, அவரு 'எதுக்கு?'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா நான் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது? மருந்துன்னா அந்தத் தொல்லை இல்ல.

இரு இரு, போன் அடிக்குது. அய்யோ, அவருதான். சத்தம் போடாதே.

ஆங், சொல்லுங்க... பஸ்லதான்... ஆம்பூர் பஸ்ஸுதாங்க... அங்க மழையா? இங்க இல்ல... நீங்க எதுக்கு? நான் நடந்து வந்துடுவேன்... பஸ் ஸ்டாண்டுக்கா? வேணாங்க, முட்டி வலி எனக்குத்தானே, உங்களுக்கென்னா... எத்தனை மணின்னு தெரியாதுங்க... எல்லாத்துக்குமா? எத்தனை பஸ்ஸு வருதோ அத்தனைக்கும் நிப்பீங்களா?... சரி... சரிங்க.

வெச்சுட்டாரு.

என்னாம்மா இது? குடியாத்தத்துல மழையாம். ஸ்டாண்டுலேருந்து வீடு வரைக்கும் ஒரே சேறாம். குடையை எடுத்துக்கினு வந்து நிக்கறாராம், நான் எந்த பஸ்ல வந்தாலும் பரவாயில்லையாம். துரைக்கண்ணு கூட இப்படி ஒண்ணு பண்ணதில்லையே! மருந்துதான் எடுத்தாச்சே. என் கண்ணு முன்னாடிதானே எடுத்தாங்க. பின்ன எப்படி?

இப்பப் புரியுது. முழுசா எடுக்கலை அந்த ஆளு. ஏமாத்திட்டான்! பாதியைக் குச்சியால காட்டிட்டு மீதியை உள்ளயே விட்டுட்டான். பாரேன், எவ்ளோ பெரிய திருடன்.

சின்னமலையூரா? வந்துடுச்சா? இல்லம்மா, நான் இறங்கலை. நான் போய் அவன் முன்னாடி நின்னா, மிச்சம் இருக்குன்னு கண்டுபிடிச்சு அதையும் எடுத்தாகணும்பான். கண்டக்டரு தம்பி, வண்டி திரும்பி குடியாத்தம் எப்பப் போகும்? இதுலயே உக்காந்துக்கறேன், டிக்கெட்டு குடுத்துடுங்க.

கொஞ்சம் உள்ள தங்கிடுச்சும்மா. இருந்துட்டுப் போகட்டும்.